கடைசி டம்ளர் எத்தனை மணிக்கு

அக்காவுக்குக் கொலோனோஸ்கோபி, அதாவது பெருங்குடலுக்குள் கேமரா பொருத்திய குழாயைச் செலுத்திப் பார்க்கும் பரிசோதனை, செய்ய நாள் குறித்திருந்தார்கள். குடலைச் சுத்தம் செய்யும் மருந்துகளில் மூன்றின் பெயரைச் சொல்லி, எது தனக்கு ஒத்துவரும் என்று யோசித்து வருமாறு மருத்துவர் அவரிடம் கூறியிருந்தார். அன்று மாலையே எனக்கு அழைத்து, “நீ இரண்டு முறை குடித்திருக்கிறாயே, எது குடிக்க எளிது?” என்று கேட்டார். யாரும் முதலில் கேட்கக்கூடிய கேள்விதான். ஆனால் எனக்கு உடனே பதில் வரவில்லை. நான் இரண்டு முறையும் குடித்தது ஒரே மருந்து, அதே நான்கு லிட்டர். முதல் முறை பரிசோதனை பாதிப் பயனோடு நின்றுபோயிற்று. இரண்டாம் முறை என் குடலில் இருந்த ஒன்று கண்டுபிடிக்கப்பட்டு அகற்றப்பட்டது. இரண்டுக்கும் இடையே மாறியது அந்த மருந்தைக் குடித்த நேரம் மட்டும்தான். எளிது, கடினம் என்ற அளவுகோலால் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், நாளை அழைக்கிறேன் என்று கூறித் தொலைபேசியை வைத்தேன். ஒரு நாள் போதவில்லை. ஒரு வாரம் இதையே படித்துக்கொண்டும் யோசித்துக்கொண்டும் இருந்தேன்.

முதல் முறை எனக்குக் கொடுக்கப்பட்ட தாளில் இரண்டு வழிகள் எழுதப்பட்டிருந்தன. முந்தைய நாள் மாலையிலேயே நான்கு லிட்டரையும் குடித்து முடித்துவிடலாம். அல்லது இரண்டு லிட்டரை மாலையிலும் மீதி இரண்டு லிட்டரைப் பரிசோதனை நாளின் விடியற்காலையிலும் குடிக்கலாம். இரண்டும் ஒரே அளவு எழுத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக, இரண்டும் சமம் என்பதுபோல அச்சிடப்பட்டிருந்தன. எனக்குப் பரிசோதனை காலை 11 மணிக்கு. நடு இரவு தாண்டி எதையும் குடித்தால் மயக்கமருந்து கொடுக்க மாட்டார்களோ என்ற பயம் ஒருபுறம், ஓர் இரவாவது நன்றாகத் தூங்க வேண்டும் என்ற ஆசை மறுபுறம். மாலை 5 மணிக்குத் தொடங்கி, பத்து நிமிடத்துக்கு ஒரு டம்ளர் என்ற கணக்கில் ஆரம்பித்து, நடுவே குமட்டல் வந்து நிறுத்தி, மறுபடி தொடங்கி, இரவு 9 மணிக்குக் கடைசி டம்ளரை முடித்தேன். பத்தரை மணிக்குள் வெளியேறியது வெறும் மஞ்சள் நீர். அடிப்பகுதி தெரியும் அளவுக்குத் தெளிவாக இருந்தது. தாளில் சொல்லப்பட்ட அடையாளம் அதுதான். வேலை முடிந்தது என்ற நிம்மதியோடு படுத்தேன்.

மறுநாள் மயக்கம் தெளிந்து உட்கார்ந்திருந்தபோது மருத்துவர் வந்து திரையில் இரண்டு படங்களைக் காட்டினார். முதல் படத்தில் பெருங்குடலின் இடப்பக்கம்: இளஞ்சிவப்பான சுவர், மெல்லிய இரத்தக்குழாய்கள்கூடத் தெளிவாகத் தெரிந்தன. இரண்டாவது வலப்பக்கம், சிறுகுடல் வந்து சேரும் இடத்துக்கு அருகில். அங்கே சுவரின் மீது மஞ்சளும் பச்சையும் கலந்த ஒரு பசை, சுவரில் பூசிவிட்டதுபோல ஒட்டிக்கொண்டிருந்தது. நீரைப் பீய்ச்சிக் கழுவிப் பார்த்தும் முழுவதும் போகவில்லை என்றார். அறிக்கையில், குடல் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று மதிப்பிடும் பாஸ்டன் அளவுகோலின்படி மூன்று எண்கள் இருந்தன. 2009ஆம் ஆண்டு வெளியான அந்த அளவுகோல் பெருங்குடலை வலது, நடு, இடது என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் தருகிறது. எந்தப் பகுதியும் 2க்குக் கீழே போகக் கூடாது. எனக்கு வலப்பக்கம் 1, நடுப்பகுதி 2, இடப்பக்கம் 2. கூட்டினால் 5, ஆனால் அந்தக் கூட்டுத்தொகையைவிட அந்த ஒற்றை எண்தான் முக்கியம் என்று அவர் சொன்னார்.

மருந்து எனக்கு வேலை செய்யவில்லை, அடுத்த முறை வேறு மருந்து தாருங்கள் என்று நான் கேட்டேன். அவர் உடனே மறுக்கவில்லை. “கடைசி டம்ளரை எத்தனை மணிக்குக் குடித்தீர்கள்?” என்று மட்டும் கேட்டார். இரவு ஒன்பது என்றேன். “நான் உள்ளே பார்த்தது பதினொன்று தாண்டி. பதினான்கு மணி நேரம். அந்தப் பதினான்கு மணி நேரமும் உங்கள் சிறுகுடல் சும்மா இருந்திருக்காது” என்றார்.

பல மாதங்களாக என் மனத்தில் தங்கிவிட்ட வாக்கியம் அது. நாம் குடலை ஒரு பாத்திரம்போல நினைத்துக்கொள்கிறோம். ஒருமுறை கழுவிவிட்டால், அடுத்து எதையும் போடாதவரை சுத்தமாகவே இருக்கும் என்று எண்ணுகிறோம். ஆனால் நாம் ஒன்றும் உண்ணாத வேளையிலும் கல்லீரல் பித்தநீரைச் சுரக்கிறது, கணையமும் சிறுகுடலும் தம் நீர்களைச் சுரக்கின்றன, இவையெல்லாம் சளியோடு சேர்ந்து மெதுவாகக் கீழே இறங்கிப் பெருங்குடலின் தொடக்கமாகிய வலப்பக்கத்தில் வந்து விழுகின்றன. இரவு பத்தரைக்கு நான் பார்த்த தெளிந்த நீர் பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் என் குடல் உண்மையிலேயே சுத்தமாக இருந்தது. மறுநாள் 11 மணிக்கு அது இருந்த நிலையைப் பற்றி அந்த நீர் எதுவும் சொல்லவில்லை, அவ்வளவுதான். பரிசோதனைக்கு முன்பாக, சில மணி நேரத்துக்குள், இரண்டாவது அலை ஒன்று மேலிருந்து கீழ்வரை ஓடினால்தான் இரவில் படிந்த அந்தப் பசையும் அடித்துச் செல்லப்படும். மருந்தை இரண்டாகப் பிரிப்பதன் காரணம் இதுதான் என்று யாராவது ஒரு வரியில் எழுதியிருந்தால், நான் அந்த இரவில் தூக்கத்தைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டேன்.

ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து, அதே மருந்து, அதே நான்கு லிட்டர். இரண்டு லிட்டர் முந்தைய நாள் மாலையில்; மீதியை விடியற்காலை 4 மணிக்குத் தொடங்கி 6 மணிக்கு முடித்தேன். பரிசோதனை 10 மணிக்கு. தெளிந்த நீர்மங்களைப் பரிசோதனைக்கு இரண்டு மணி நேரம் முன்புவரை குடிக்கலாம் என்பதையும், மயக்கமருந்துக்கு அது தடையில்லை என்பதையும் இந்த முறை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தேன். எண்கள் 2, 3, 3. வலப்பக்கத்தில், மேலேறும் பெருங்குடலின் ஒரு மடிப்புக்குப் பின்னால், 8 மில்லிமீட்டர் அளவில் தட்டையான ஒரு வளர்ச்சி இருந்தது. ரம்பப்பல் வகை என்று அதைச் சொல்கிறார்கள். இந்த வகை வளர்ச்சி காம்போடு எழுந்து நிற்பதில்லை. சுவரின் நிறத்திலேயே, மெல்லிய சளிப்படலத்தைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கும். பெரும்பாலும் வலப்பக்கத்தில்தான் இருக்கும். பெருங்குடல் புற்றுநோயில் ஒரு பகுதி இதிலிருந்துதான் தொடங்குகிறது. அதை அங்கேயே அகற்றிவிட்டார்கள். முதல் முறை அந்தப் பசையின் அடியில் அது இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த மருத்துவர் வலப்பக்கம் 1 என்று நேர்மையாக எழுதாமல், ‘பரவாயில்லை’ என்று விட்டிருந்தால், அடுத்த பரிசோதனை வரை நான் பத்து ஆண்டுகள் பொய்யான நிம்மதியில் இருந்திருப்பேன்.

ஒருவரின் ஒரு குடலை வைத்துப் பொது விதி எழுத முடியாது. ஆனால் நான் படித்தவரை, இதில் மருத்துவ உலகம் தயக்கமின்றி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறது. 2014இல் அமெரிக்கக் குடல் மருத்துவச் சங்கங்களின் கூட்டுப் பணிக்குழுவும், 2019இல் ஐரோப்பிய இரைப்பைக் குடல் உள்நோக்கியியல் சங்கமும், மருந்தைப் பிரித்துக் குடிப்பதையே வழிமுறையாகப் பரிந்துரைத்தன. இரண்டாம் பகுதியைப் பரிசோதனைக்கு முந்தைய ஐந்து மணி நேரத்துக்குள் தொடங்கி, குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பாக முடிக்க வேண்டும் என்பது ஐரோப்பியக் கணக்கு. பரிசோதனை பிற்பகலில் என்றால் முழு மருந்தையும் அன்று காலையிலேயே குடிக்கலாம். எந்த மருந்து என்பதற்கு இவர்கள் பல பெயர்களைச் சொல்கிறார்கள். நேரத்துக்கு மட்டும் ஒரே பதில்தான்.

அளவு குறையும்போது

அப்படியானால் மருந்துகளுக்குள் வேறுபாடே இல்லையா என்று அக்கா கேட்பார் என்று எனக்குத் தெரியும். இருக்கிறது. ஆனால் அந்த வேறுபாடு நாக்கிலோ டம்ளர் எண்ணிக்கையிலோ இல்லை என்பதுதான் அந்த வாரத்தில் எனக்குப் புரிந்தது.

நான் குடித்த நான்கு லிட்டர் எல்லோரும் வெறுக்கும் மருந்து. அது ஏன் அவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தபின் எனக்கு அதன்மீது ஒரு மரியாதை வந்துவிட்டது. 1980க்கு முன்பு குடலைச் சுத்தம் செய்ய இரண்டு மூன்று நாள் நீராகாரமும், பேதி மருந்தும், எனிமாவும் தேவைப்பட்டன. அல்லது லிட்டர் லிட்டராக உப்புநீரைக் குடிக்க வைத்தார்கள், அதில் ஒரு பகுதி இரத்தத்துக்குள் ஏறி இதயமும் சிறுநீரகமும் பலவீனமானவர்களுக்கு ஆபத்தாயிற்று. அமெரிக்கக் குடல் மருத்துவர் ஜான் ஃபோர்ட்ரானின் ஆய்வுக்குழு 1980இல் வெளியிட்ட தீர்வு வேறு விதமானது. பாலி எதிலீன் கிளைக்கால் என்ற, குடல் உறிஞ்சாத ஒரு பொருளை, உப்புகளோடு அளந்து கலந்து, உடலிலிருந்து நீரை இழுக்கவும் செய்யாத, உடலுக்குள் நீரைச் செலுத்தவும் செய்யாத ஒரு கரைசலை உருவாக்கினார்கள். குடித்தது அப்படியே வெளியே வரும். குழாய்க்குள் நீரை ஓடவிட்டுக் கழுவுவதுபோலத்தான். உடல் தன்னிடமிருந்து எதையும் கொடுப்பதில்லை. அதனால்தான் அளவு அதிகமாக வேண்டியிருக்கிறது, அதனால்தான் இதயமோ சிறுநீரகமோ பழுதுபட்டவர்களுக்கும் மருத்துவர்கள் முதலில் இதையே நினைக்கிறார்கள்.

அளவைக் குறைக்கும் மருந்துகள் எல்லாவற்றிலும், குறைக்கப்பட்ட நீரை எங்கிருந்தாவது எடுத்தாக வேண்டும். இரண்டு லிட்டர், ஒரு லிட்டர் வகைகளில் பாலி எதிலீன் கிளைக்காலோடு வைட்டமின் சியான அஸ்கார்பிக் அமிலத்தைச் சேர்க்கிறார்கள். உறிஞ்சப்படாமல் எஞ்சும் அமிலம் குடலுக்குள் நீரை இழுக்கிறது. ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு இது ஒத்துக்கொள்ளாமல் போகலாம். சல்பேட் கரைசலும் சல்பேட் மாத்திரைகளும் உப்பின் இழுவிசையால் வேலை செய்கின்றன. சோடியம் பிகோசல்பேட்டும் மெக்னீசியம் சிட்ரேட்டும் சேர்ந்த மருந்து இரண்டு சிறிய வேளைகளாக வருகிறது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 150 மில்லிலிட்டர்தான். இதில் பிகோசல்பேட்டைப் பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்களே மாற்றி, குடல்சுவரைச் சுருங்கத் தூண்டும் பொருளாக ஆக்குகின்றன. மெக்னீசியம் நீரை இழுக்கிறது. குடிப்பவர் நாக்குக்கு இது மிகவும் இதமானது. ஆனால் இழுக்கப்படும் நீர் நம் இரத்தத்திலிருந்து வருகிறது. ஆகவே அந்தச் சிறிய டம்ளருக்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு லிட்டர் தெளிந்த நீர்மங்களைக் குடித்தே ஆக வேண்டும். 2020இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட 24 சல்பேட் மாத்திரைகளோடு குடிக்க வேண்டிய நீர், மொத்தம் 2.8 லிட்டர் அளவுக்கு வருகிறது. பெட்டியின் மேல் எழுதியிருக்கும் அளவு வேறு, வயிற்றுக்குள் போக வேண்டிய அளவு வேறு. எது குடிக்க எளிது என்ற ஒப்பீடு பெட்டியின் மேல் இருக்கும் அளவைத்தான் ஒப்பிடுகிறது.

குறைந்த அளவின்மீது எல்லோரும் வைத்த ஆசை ஒருமுறை பெரும் தீங்கில் முடிந்திருக்கிறது. சோடியம் பாஸ்பேட் கரைசல் 45 மில்லிலிட்டர் வீதம் இரண்டு வேளை. குடிப்பது எளிது, குடலும் நன்றாகவே சுத்தமாயிற்று. மருத்துவர்களும் விரும்பினார்கள், நோயாளிகளும் விரும்பினார்கள். பிறகு, சிலருக்குச் சிறுநீரகத்தின் நுண்குழல்களில் கால்சியம் பாஸ்பேட் படிந்து, சிறுநீரகமே நிரந்தரமாகப் பழுதாவது தெரியவந்தது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2006இல் எச்சரித்து, 2008 டிசம்பரில் மிகக் கடுமையான கட்டமிட்ட எச்சரிக்கையை விதித்தது. மருத்துவர் சீட்டின்றிக் கிடைத்த கரைசல் அந்த ஆண்டே கடைகளிலிருந்து விலக்கப்பட்டது. அதற்கும் முன்னால் மானிடால் என்ற இனிப்பான கரைசல் இருந்தது. குடல் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து, எரியக்கூடிய வாயுவை உண்டாக்கும். பாலிப் எனப்படும் குடல்சுவர் வளர்ச்சியை மின்சூட்டால் வெட்டும்போது குடலுக்குள் வெடிப்பு நிகழ்ந்து நோயாளி இறந்த செய்தி 1979இல் மருத்துவ இதழில் பதிவானது. இந்த இரண்டையும் நான் அக்காவைப் பயமுறுத்துவதற்காகத் தேடவில்லை. ‘எளிது’ என்ற ஒரே காரணத்துக்காக ஒன்றைத் தேர்ந்தெடுத்தவர்கள் யாரும் அறிவற்றவர்கள் அல்லர் என்பதைத்தான் இவை எனக்குக் காட்டின. அவர்கள் கேட்ட கேள்வி போதவில்லை.

அக்காவின் பட்டியல்

அக்காவுக்கு வயது 68. இரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை எடுத்துக்கொள்கிறார். சிறுநீரகத்தின் செயல்திறன் சற்றுக் குறைந்திருப்பதாகச் சென்ற ஆண்டு இரத்தப் பரிசோதனையில் சொல்லியிருந்தார்கள். மலச்சிக்கலும் உண்டு. அவர் மனம் சாய்ந்திருந்தது அந்த 150 மில்லிலிட்டர் மருந்தின் பக்கம். மறுபடி அழைத்தபோது நான் எந்த மருந்தையும் பரிந்துரைக்கவில்லை. அது என் வேலை இல்லை. இந்த நான்கு விவரங்களையும் ஒரு தாளில் எழுதி, எடுத்துக்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தின் பெயரோடும் மருத்துவரிடம் கொடுத்துவிட்டு, அதன் பிறகு மருந்தைப் பற்றிப் பேசுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

மருத்துவர் அந்தத் தாளைப் படித்ததும் பிகோசல்பேட்டை ஒதுக்கிவிட்டாராம். சிறுநீரகம் தளர்ந்திருக்கும்போது மெக்னீசியம் உடலில் தங்கும்; நீர்மாத்திரை எடுக்கும் வயதான பெண்கள் இந்த மருந்தோடு வெறும் தண்ணீரையே நிறையக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும், குழப்பமும் வலிப்பும்கூட வரலாம். நான்கு லிட்டர் அவருக்கு மிகப் பாதுகாப்பானது என்றாலும், பாதியில் வாந்தி எடுத்து நிறுத்திவிட்டால் அந்தப் பாதுகாப்பால் பயனில்லை. எனவே புதிதாக ஓர் இரத்தப் பரிசோதனை செய்து, சிறுநீரகம் அதைத் தாங்கும் என்று உறுதிசெய்துகொண்டு, இரண்டு லிட்டர் வகையை, பிரித்துக் குடிக்கும் முறையில் எழுதிக்கொடுத்தார். மலச்சிக்கலுக்காக முந்தைய நாட்களில் ஒரு மாத்திரையும் சேர்த்தார். நீர்மாத்திரையை எந்த நாள் நிறுத்த வேண்டும் என்பதும் அந்தச் சீட்டிலேயே இருந்தது. சர்க்கரை நோயாளிகளுக்கு இந்தப் பேச்சு இன்னும் நீளமாக இருக்க வேண்டும். இன்சுலினையும் மாத்திரைகளையும் பட்டினி நாளுக்கு ஏற்ப மாற்றாமல் எந்த மருந்தைத் தேர்ந்தெடுத்தாலும் அது பாதித் தேர்வுதான்.

மீதி விஷயங்களை நாங்கள் விரைவாகவே பேசி முடித்தோம். முந்தைய நாள் நார்ச்சத்தும் விதையும் இல்லாத எளிய உணவு போதும், நாள்கணக்கில் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. இரும்புச்சத்து மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும், அது குடலில் கருமையாகப் படியும். சிவப்பு, ஊதா நிற நீர்மங்கள் இரத்தம்போலத் தெரியும் என்பதால் கூடாது. கரைசலைக் குளிரவைத்து, உறிஞ்சுகுழலை நாக்கின் பின்பகுதியில் வைத்துக் குடித்தால் உப்புச்சுவை குறைகிறது. குமட்டினால் அரைமணி நேரம் நிறுத்தித் தொடரலாம். நுரையைக் குறைக்கும் சிமெத்திகோன் வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளலாம். ஆசனவாயைச் சுற்றி முதல் டம்ளருக்கு முன்பே களிம்பு தடவிக்கொள்ள வேண்டும். எரிச்சல் வந்தபின் தடவுவதைவிட அது பல மடங்கு மேல்.

நேரத்தைப் பற்றி மட்டும் நீண்ட நேரம் பேசினோம். அவருக்குப் பரிசோதனை காலை 10 மணிக்கு. விடியற்காலை 5 மணிக்கு இரண்டாவது லிட்டரைத் தொடங்கி 7 மணிக்குள், உடன் குடிக்க வேண்டிய தண்ணீரோடு சேர்த்து, முடித்தாக வேண்டும். “இந்த வயதில் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு எழுந்திருக்க வேண்டுமா, இரவிலேயே முடித்துவிடக் கூடாதா?” என்று அவர் கேட்டபோது, நான் என் முதல் அறிக்கையின் படத்தை அனுப்பினேன். வலப்பக்கப் படம் மட்டும். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “உன்னுடையது இதன் கீழேதான் இருந்ததா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதன் பிறகு அவர் இரவில் முடிப்பதைப் பற்றிப் பேசவில்லை.

இதில் எனக்கு இன்னும் ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. அக்காவுக்குக் கொடுக்கப்பட்ட அச்சிட்ட தாளிலும் மருந்தைக் கரைக்கும் முறை பத்து வரிகளில் இருந்தது. நேரம் ‘பரிசோதனைக்கு 5 மணி நேரம் முன்பு’ என்று ஒரே வரியில் கடைசியில் இருந்தது. நாளைக்கு நடக்கப்போவதைப் பற்றிய பயத்தோடு வீட்டுக்குப் போகும் ஒருவர் அந்தக் கழித்தல் கணக்கைச் சரியாகப் போடுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. நாள் குறிக்கும்போதே, பரிசோதனை நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணி, இரண்டாம் பகுதியைத் தொடங்கும் மணியையும் கடைசி டம்ளரின் மணியையும் செவிலியர் ஒருவர் பேனாவால் தாளின் தலைப்பில் எழுதிக்கொடுத்தால் போதும். அந்த நேரத்தில் எழ முடியுமா, உதவிக்கு வீட்டில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டால் இன்னும் நல்லது. முடியாது என்பவருக்குப் பிற்பகல் நேரம் ஒன்றை ஒதுக்கலாம். எந்த மருந்து என்ற விவாதத்துக்குச் செலவிடும் நேரத்தில் சிறு பங்கு போதும் இதற்கு.

அக்காவின் தாளில் அந்த எண்களை நான் எழுதிக்கொடுத்தேன்: தொடக்கம் 5, முடிவு 7. பரிசோதனை நாளன்று 5 மணிக்கு முன்பே விழித்துக்கொண்டு தொலைபேசியைப் பக்கத்தில் வைத்துக் காத்திருந்தேன். 6 மணி 50 நிமிடத்துக்கு அழைப்பு வந்தது. “முடித்துவிட்டேன், இன்னும் பத்து நிமிடம் மீதியிருக்கிறது” என்றார். குரலில் களைப்பு இருந்தது. நண்பகலுக்குப் பிறகு அறிக்கையின் படத்தை அனுப்பியிருந்தார். நான் கடைசிப் பக்கத்தைப் பார்ப்பதற்கு முன்னால் வலப்பக்க எண்ணைத் தேடினேன். 3 என்று இருந்தது.